மூலைக்கடைப் பங்காளிகள்

2012 பிப்ரவரி 6, திங்கள்

நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து முகம் கழுவி, காலணியைக்கூட மாட்டிவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது, போக இடமில்லை என்று. சேற்றுக் குளியல் சிகிச்சை இல்லத்தின் சமையலறையில் இருபத்து நான்கு வருடம். போன வெள்ளியோடு முடிந்தது. சமையலை வெளியாட்களிடம் விட்டுவிட்டார்கள். கையில் ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். ஒற்றைப்படைதான். இழவுக்குக் கொடுக்கிற மாதிரி இரட்டைப்படையில் கொடுக்கவில்லை, அந்த மட்டில் நல்லது.

கரையோரம் கடல் உறைந்து கிடக்கிறது. எங்கள் ஊர் பொமோரியேயில் இப்படிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று?

சும்மா உட்கார முடியாமல் தயிர் விட்டு மாவு பிசைந்து மெகிட்சா பொரித்தேன். கை பழக்கம் விடுமா? ஒருத்திக்கு நாற்பது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தும் மீதி. தங்கை நெவேனாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்காமல், "அக்கா, கீழ்த்தள முன்னறை சும்மாதானே கிடக்கு?" என்றாள்.

பிப்ரவரி 12, ஞாயிறு

நெவேனா புர்காஸிலிருந்து பஸ்ஸில் வந்தாள். பை நிறையக் காகிதம். ஓட்டல் வரவேற்பில் பதினைந்து வருடமாக நிற்கிறவள், எதையும் யோசிக்காமல் பேசமாட்டாள். காலைப் பலகாரக் கடை. மெகிட்சா, பாலாடைக்கட்டி அடுக்குரொட்டி, ஒரு சூப். குளிர்காலத்தில் சிகிச்சைக்கு வருகிறவர்கள், கோடையில் கடலுக்கு வருகிறவர்கள். இரண்டு பேர், ஆளுக்குப் பாதி. அனுமதி வாங்குவது, ஆட்களிடம் பேசுவது அவள் பொறுப்பு. சமையல் என் பொறுப்பு.

எல்லாம் சரி. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது அண்ணி முகம்தான். சொன்னேன்.

"கேராவா? அவ இப்ப நம்ம வீட்டு ஆளா?"

விவாகரத்து ஆன நாளிலிருந்து நெவேனா அவளை வெறும் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறாள். நான்கு வருடம் ஆகிறது. அண்ணன் பிளாமென் ஸ்பெயினுக்கு லாரி ஓட்டப் போனான், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அதற்குக் கேரா என்ன செய்வாள்? அப்பாவின் கடைசி இரண்டு வருடம் அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டது யார்? நானும் இல்லை, நெவேனாவும் இல்லை.

இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

பிப்ரவரி 13, திங்கள்

சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 19, ஞாயிறு

முன்னறையைத் திறந்து பார்த்தேன். பழைய செய்தித்தாள், உடைந்த நாற்காலி. சுவரில் எண்ணெய்ப் புகை படிந்த கறை அப்படியே இருக்கிறது. மீன்கடையின் கறை.

தொண்ணூறாம் வருடம். சொந்தமாகக் கடை போடலாம் என்று ஆன புதிது. ஊரே ஏதாவது விற்க ஆரம்பித்திருந்தது. யானி சித்தப்பாவிடம் படகு இருந்தது, அப்பாவிடம் தெருவைப் பார்த்த இந்த அறை. விடியற்காலை சித்தப்பா கொண்டுவரும் பொடிமீனை உப்பும் மாவும் புரட்டிப் பொரித்துக் காகிதச் சுருளில் போட்டுக் கொடுப்போம். கேரா அண்ணிதான் சட்டியடியில். நான் சிகிச்சை இல்லத்து வேலை முடிந்து ஓடி வந்து பரிமாறுவேன். அண்ணன் பீர்ப் பெட்டி சுமப்பான். நெவேனா அப்போது இருபத்து மூன்று, சிவப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் வாயடிப்பாள். கடையைச் சாத்தியதும் முற்றத்துத் திராட்சைப் பந்தலுக்கடியில் கதவுப் பலகைகளை மேசையாகப் போட்டு இரண்டு குடும்பமும் சாப்பிடும். பதினோரு பேர். சித்தப்பா ரக்கியா என்கிற பழச் சாராயத்தை ஊற்றிக்கொண்டே, படகிலிருந்து தவறி விழுந்த கதையைச் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் அலை இன்னும் ஒரு முழம் உயரும். அப்பா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நான்கு கோடைகள் இல்லை. அது அப்போது தெரியவில்லை.

முறிந்தது ஒரு பெயர்ப் பலகையில். அப்பா ஆசையாக எழுதி மாட்டினார்: 'ஸ்தமாத்தும் தம்பியும்'. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்குப் பேர் இல்லையா அண்ணா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதுவரை எழுதாமல், பேசாமல், கேட்காமல் கிடந்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. படகு யாருடையது, அறை யாருடையது, யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள். மறுவாரம் முற்றத்தின் நடுவில் செங்கல் சுவர் எழும்பியது. திராட்சைக் கொடியின் வேர் அந்தப் பக்கம், பந்தல் இந்தப் பக்கம்.

அப்பா இறந்தபோது சித்தப்பா தெருவின் எதிர்ச் சாரியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. அடுத்த குளிர்காலம் அவரும் போய்விட்டார்.

இந்த அறையிலா மறுபடி?

மார்ச் 1, வியாழன்

வசந்தத்தின் முதல் நாள், ஆனால் பனி போகவில்லை. கையில் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொள்கிற நாள். இரண்டு நூல் முறுக்கி எடுத்துக்கொண்டு அண்ணியைப் பார்க்கப் போனேன். உப்பு ஏரிப் பக்கம் ஒற்றை அறை வாடகைக்கு. குளிர்காலம் முழுக்க ஓட்டல் விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. மணிக்கட்டில் நூல் கட்டிவிட்டேன். கடையைப் பற்றிச் சொன்னேன். மூன்றில் ஒரு பங்கு என்றேன். (நெவேனாவிடம் இன்னும் கேட்கவில்லை. தைரியம்தான்.)

கேட்டுவிட்டு, எழுந்து காபிக் கிண்ணங்களைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"கூலிக்கு வரேன் ஸ்லாத்தி. பங்கு வேணாம்."

ஏன் என்றேன்.

"மீன்கடையில நாலு கோடை நின்னேன். பொரிக்கிறப்ப நான் வீட்டுப் பொண்ணு. பங்கு பேசுறப்ப வெளியூர்க்காரி. கூலின்னா மாசக் கடைசியில கை நீட்டலாம். மருமகளா இருந்தா கைய நீட்ட முடியாது."

அந்த நான்கு கோடைகளை நான் இத்தனை வருடம் தங்கமாகப் பொதிந்து வைத்திருந்தேன். அதே பந்தலுக்கடியில் அவளும்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தாளா? யோசித்துப் பார்க்கிறேன். தட்டோடு வந்து போய்க்கொண்டிருந்ததுதான் கண்ணில் வருகிறது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "பங்குதான்னா, காகிதத்துல எழுதணும். எல்லாத்தையும். சிரிக்கிற மாதிரி இருக்கிறதையும்."

மார்ச் 4, ஞாயிறு

நெவேனாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை. "என்கிட்ட கேக்காமயே சொல்லிட்டே" என்றாள். அது கத்தியதைவிட மோசம்.

மார்ச் 11, ஞாயிறு

மூவரும் என் மேசையில். அவரை சூப், ஊறுகாய் முட்டைக்கோஸ். முதல் ஒரு மணி நேரம் மூவரும் சூப்பை மட்டும் புகழ்ந்தோம்.

பிறகு நெவேனா ஆரம்பித்தாள். வீடு நம் மூன்று உடன்பிறப்புகள் பெயரில் இருக்கிறது, கேரா எதுவும் போடாமல் சமபங்கு எப்படி? கேட்டது தப்பில்லை. கேராவும் கோபப்படவில்லை. நான்தான் குறுக்கே விழுந்து, "நீ வாரத்துக்கு மூணு நாள்தானே வருவே, அண்ணி ஆறு நாளும் நிக்கப் போறாங்க" என்றேன். நெவேனா முகம் சிவந்தது. எந்த அலுவலகத்து வாசலில் யார் கால் கடுக்க நிற்பது, அது வேலை இல்லையா என்றாள். அதுவும் சரிதான். ஒவ்வொருத்தி சொல்வதும் சரியாக இருந்தது, சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் சரியாக இல்லை.

கேரா ரொட்டித் துண்டால் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"ஏன் எல்லாத்தையும் ஒரே சட்டியில போடுறீங்க? வீட்டுக்கு வாடகை. அது வீட்டுக்காரங்க மூணு பேருக்கும், பிளாமெனுக்கும் சேத்து. நிக்கிறவங்களுக்கும் அலையறவங்களுக்கும் கூலி, நின்ன நேரத்துக்கு. ரெண்டும் போக மிச்சம் இருந்தா அது கடையோடது. அத மூணாப் பிரிங்க. நஷ்டம் வந்தாலும் மூணா."

நெவேனா பேனாவைக் கையில் எடுத்தவள் எழுதாமல் அவளையே பார்த்தாள். "இத எப்ப யோசிச்சே?"

"தொண்ணூத்தி மூணுல. யாரும் கேக்கல."

நெவேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூவரும் சிரித்தோம், ரொம்ப நேரம்.

கடைக்குப் பெயரும் வைத்தாயிற்று. யார் பெயரும் வேண்டாம் என்பதில் மட்டும் விவாதமே இல்லை. மூலையில் இருக்கிறது, மூலைக்கடை.

மார்ச் 14, புதன்

வீடு அண்ணன் பெயரிலும் இருப்பதால் அவன் கையெழுத்து வேண்டும். வலென்சியாவுக்குத் தொலைபேசினேன். கடை என்றதும் சந்தோஷப்பட்டான். கேரா என்றதும், "என் அப்பா வீட்டுல அவ முதலாளியா? ஊர் என்னப் பாத்துச் சிரிக்கணுமா? கையெழுத்து கிடையாது" என்றான்.

நானும் விடவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேன். "அப்பாவுக்கு நீ ஒரு நாளாவது முதுகு தேச்சியா?"ன்னு கேட்டுட்டேன். வச்சிட்டான்.

உண்மைதானே? உண்மைன்னா எப்ப வேணா சொல்லலாமா?

மார்ச் 29, வியாழன்

அண்ணன் பேசவில்லை. இரண்டு வாரம்.

எட்டு வயதில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் அவன். கழுத்தளவு தண்ணீரில் என் வயிற்றுக்கடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "எடுக்க மாட்டேன், எடுக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிட்டான். நான் மிதந்தேன். கரையில் நின்று அம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பையன் எங்கே போனான்? நான்தான் எங்கே போனேன்?

நெவேனா சொல்கிறாள், வேறு அறை வாடகைக்குப் பார்க்கலாம் என்று. கேரா மறுபடி விரிப்பு துவைக்கப் போகிறாள்.

ஏப்ரல் 15, ஈஸ்டர் ஞாயிறு

நேற்று மாலை யாரோ கீழே நடமாடுகிற சத்தம். இறங்கிப் பார்த்தால் முன்னறையில், உடைந்த நாற்காலியில், அண்ணன். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. தலை நன்றாக நரைத்துவிட்டது. "இந்தக் கறைய ஏன் இன்னும் பூசாம வச்சிருக்க?" என்றான். நான் அழுதுவிட்டேன். அவன் என் தலையைத் தட்டினான், நாய்க்குட்டியைத் தட்டுவது போல.

இன்று மதியம் நெவேனா, அவள் கணவன், அண்ணன், நான். கேராவை நான்தான் அழைத்தேன், அண்ணன் வந்திருப்பதையும் சொல்லித்தான் அழைத்தேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். சிவப்பு முட்டைகளோடு, இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு வந்தாள். முட்டையோடு முட்டை மோதி விளையாடினோம். அண்ணன் முட்டை கேராவின் முட்டையில் பட்டு உடைந்தது. அண்ணனே, "பழக்கம்தான்" என்றான்.

சாப்பிட்டு முடிந்ததும் அவர்கள் இரண்டு பேரும் முற்றத்தில், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பேசினார்கள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. நான் சாத்தவில்லை. சாத்தியிருக்க வேண்டும்.

அண்ணன் சொன்னான், என்னிடம் நேரே கேட்டிருக்கலாமே என்று.

"இருபத்தஞ்சு வருஷம் எதையும் கேக்கல பிளாமென். அதான் என் தப்பு. இப்பவும் உன்கிட்ட கேக்கல. வேலை செய்றேன், அதுக்கு ஒரு எடம் வேணும். அவ்வளவுதான்."

அவன் குரல் தாழ்ந்து வந்தது. கையெழுத்துப் போடுகிறேன், என் வாடகையை எனக்கு அனுப்ப வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணன் அண்ணன்தான் என்று நினைத்தேன்.

கேரா வேண்டாம் என்றாள்.

"உன் வாடகை உன்னுது. மாசாமாசம் வாங்கிக்க. இனாமாக் குடுத்தா நாளைக்கு நன்றி எதிர்பாப்பே. எனக்கு அதுக்கு நேரம் இருக்காது, காலையில கடை."

அண்ணன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கணக்குப் போட்டேன்.

ஏப்ரல் 24, செவ்வாய்

வக்கீல் அம்மா ட்சோன்கோவா. சின்ன அலுவலகம், பெரிய பூனை. நாங்கள் எழுதிக் கொண்டுபோனதை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தாள். வாடகை, கூலி, பங்கு எல்லாம் சரி என்றாள். முடிவெடுக்க மூன்றில் இரண்டு பேர் போதும், சரி. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மூன்று மாதம் இடம் காத்திருக்கும், சரி.

"யாராவது விலகணும்னா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடையே இன்னும் திறக்கவில்லை. கல்யாணத்தன்றே விவாகரத்துப் பேசுகிற மாதிரி என்றாள் நெவேனா. வக்கீல் பூனையைத் தடவிக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு அவசரமில்லை.

எழுதினோம். மூன்று மாத முன்னறிவிப்பு. மதிப்புப் போட வெளியாள். கடையும் பெயரும் இருப்பவர்களோடு. கடைசியில் நெவேனாதான் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: காரணம் கேட்கக் கூடாது. "அப்பாவும் சித்தப்பாவும் காரணம் சொல்லித்தானே நாசமானாங்க" என்றாள்.

கையெழுத்து நான்கு. அண்ணன் வீட்டுச் சொந்தக்காரனாகப் போட்டான். நாளை அவனுக்கு விமானம்.

மே 24, வியாழன்

பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம் போகிறது, வாத்தியச் சத்தம். நாங்கள் மூவரும் தலையில் துணி கட்டிக்கொண்டு சுண்ணாம்பு அடிக்கிறோம். கறை மூன்று தடவை அடித்தும் மங்கலாகத் தெரிகிறது. நெவேனா அதன்மேல் விலைப்பட்டியலை மாட்டிவிட்டாள்.

ஜூன் 2, சனி

திறந்தோம். பத்து மணிக்கு மாவு தீர்ந்தது.

கால் விண்விண் என்கிறது. சந்தோஷம்.

ஜூலை 1, ஞாயிறு

இதை எழுதும்போதே நாளைக்கான மாவு பக்கத்தில் உப்பிக்கொண்டிருக்கிறது. ஏழு மணிக்கு வரிசை தெருமுனைவரை. கேரா சட்டியடியில், நான் மாவு, நெவேனா கல்லாவில். அவள் இருக்கிற நாளில் வரிசைகூடச் சிரிக்கும். ஒருத்தருக்கு முதுகுவலி, இன்னொருத்தருக்கு முழங்கால், எல்லாம் கேட்டு வைத்து மறுநாள் விசாரிப்பாள். சிவப்புக் கால்சட்டைப் பெண் போய்விடவில்லை.

மாலையில் மூவரும் பந்தலுக்கடியில் தர்பூசணியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். பதினோரு பேர் இல்லை. கேரா உட்கார்ந்திருந்தாள், காலை எதிர் நாற்காலியில் நீட்டி. தட்டு எடுத்து வைத்தது நான்.

ஜூலை 15, ஞாயிறு

நெவேனா சொன்னாள், ஒரு பெரிய ஓட்டல் தினமும் இருநூறு மெகிட்சா கேட்கிறது, கொடுக்கலாம் என்று. நானும் கேராவும் வேண்டாம் என்றோம். போன வாரம் சாயங்காலமும் திறக்கலாம் என்றாள், வேண்டாம் என்றோம். அதற்கு முந்தி வெளியே மேசை போடலாம் என்றாள். இன்று இன்னொன்று: எண்ணெய்ச் சட்டி கல்லாவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, நெரிசலில் ஆபத்து, இரண்டு நாள் கடையை மூடிப் பின்சுவருக்கு மாற்றலாம். ஜூலையிலா மூடுவது? செப்டம்பரில் பார்க்கலாம் என்றோம்.

"எப்பவும் ரெண்டுக்கு ஒண்ணு" என்றாள். அவ்வளவுதான். துணியை மடித்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

கேராவைப் பார்த்தேன். அவள் மாவுப் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு தடவையாவது நெவேனா பக்கம் கை தூக்கினேனா?

ஆகஸ்ட் 15, புதன்

மாதா திருநாள். மடாலயத்துக்கு வந்த கூட்டம் முழுக்கக் காலையில் எங்கள் வாசலில். எட்டரைக்கு யாரோ தள்ள, கல்லா மேசை நகர, மேசை போய்ச் சட்டியில் இடித்தது. எண்ணெய் கேராவின் இடது கையில், முழங்கையிலிருந்து விரல்வரை.

அவ கத்தவே இல்ல. அதான் தாங்க முடியல. நான் என்ன செஞ்சேன்னே தெரியல. நெவேனாதான் அடுப்ப அணைச்சா, அவ கைய ஓடுற தண்ணியில பிடிச்சுக்கிட்டே நின்னா, வண்டிய வரவழைச்சா. வரிசையில இருந்த ஒரு ஆளு, அப்ப எங்க மெகிட்சா என்னாச்சுன்னு கேட்டான். நெவேனா அவனப் பாத்த பார்வையில அவன் நகர்ந்துட்டான்.

மருத்துவமனையிலிருந்து கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். தோல் மறுபடி வந்துவிடும், வடு இருக்கும் என்கிறார்கள்.

திரும்பி வந்தால் கடையில் சுத்தியல் சத்தம். நெவேனா ஒரு ஆளைக் கூட்டி வந்து சட்டியைப் பின்சுவருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் வாசலில் நின்றேன். நான்தான் சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சொல்லவில்லை. "அந்த ஆணிய எடு" என்றாள்.

ஆகஸ்ட் 16, வியாழன்

கேரா மேல்மாடியில் என் கட்டிலில். பங்காளிக்கு உடம்பு முடியாவிட்டால் இடம் காத்திருக்கும் என்று எழுதியிருக்கிறோம். ஆனால் அவள் அதைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. "நெவேனா சொன்னது சரி. நாம கேக்கல. நான் கேக்கல. யாரும் கேக்கலன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், இருந்தும் கேக்கல" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 16, ஞாயிறு

மூன்றரை வாரம் நெவேனா ஓட்டலில் விடுப்பு எடுத்துக்கொண்டு சட்டியடியில் நின்றாள். கேரா திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. கடல் வெறிச்சென்று, நல்ல வெயில். கடை சாத்தியதும் நெவேனா ஒரு உறையை மேசையில் வைத்தாள்.

முன்னறிவிப்பு.

படித்தேன். நிமிர்ந்தேன். வாயைத் திறந்தேன்.

"காரணம் கேக்கக் கூடாதுக்கா. நானே எழுதச் சொன்னது."

கேட்கவில்லை. கேரா எழுந்து போய் மூன்று கிண்ணத்தில் காபி ஊற்றிக் கொண்டுவந்தாள். குடித்தோம். பிறகு நெவேனா தானாகவே சொன்னாள், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு.

"காலையில உன்னப் பாத்ததும் மொதல்ல கோவம்தான் வருது. அப்புறம்தான் நீ என் அக்கான்னு ஞாபகம் வருது. முந்தி அப்படி இல்ல. எனக்கு இது பிடிக்கல."

அவள் பஸ்ஸுக்குப் போகிறவரை நான் அழவில்லை. போன பிறகும் அழவில்லை. எண்ணெய் வடிகட்டினேன்.

செப்டம்பர் 17, திங்கள்

இரண்டுக்கு ஒன்று. எழுதும்போது எவ்வளவு நியாயமாக இருந்தது. ஒரே ஆள் எப்போதும் அந்த ஒன்றாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. வக்கீலும் கேட்கவில்லை. வக்கீல் எதற்குக் கேட்க வேண்டும்? அக்கா நானல்லவா?

அக்டோபர் 21, ஞாயிறு

சிகிச்சைக்கு வருகிறவர்கள் மட்டும். நிதானம். நெவேனா சனி ஞாயிறு தவறாமல் வருகிறாள், மூன்று மாதமும் முறைப்படி. ஒரு குறை வைக்கவில்லை. இன்று கேராவும் நானும் முடிவு செய்து ஓட்டலுக்கு ஐம்பது மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னோம். அவள் இருக்கிறபோதே, அவள் கணக்கில். பேசி முடித்தவள் அவள்தான், பெருமை அவளுக்கே என்றாள் கேரா. நெவேனா தலையசைத்தாள். "நல்லது. ஆனா இருப்பேன்னு நினைக்காதீங்க" என்றாள்.

நினைத்தோம்தான்.

டிசம்பர் 17, திங்கள்

ட்சோன்கோவா அலுவலகம். பூனை இன்னும் பெரிதாகியிருந்தது. மதிப்புப் போட வந்த வெளியாள் காகிதத்தைக் கொடுத்தார். யாரும் பேரம் பேசவில்லை, பேசுவதற்கு எதையும் நாங்கள் மிச்சம் வைக்கவில்லை. ஏப்ரலில் மூவருமாக எழுதியதை இன்று வரி வரியாகச் செய்தோம். கால் மணி நேரம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதே வேலைக்கு ஒரு சுவரும் பன்னிரண்டு வருடமும் ஆனது.

வெளியே சேறும் பனியுமாக இருந்தது. நெவேனா என் கழுத்துத் துணியைச் சரி செய்துவிட்டு பஸ் ஏறினாள். கேரா என் பக்கத்தில் நின்றாள். "இனி ரெண்டே பேர். சண்டை வந்தா யாரு தீர்ப்புச் சொல்றது?" என்றேன். சண்டை போடாமல் இருக்கிற வயதா நமக்கு என்றாள்.

2013 ஜனவரி 6, ஞாயிறு

அண்ணன் தொலைபேசியில். நெவேனா விலகியதைக் கேட்டுவிட்டான். யாரோடு யார் பேசவில்லை என்று பயந்துபோய்க் கேட்டான். எல்லாரும் பேசுகிறோம் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், நெவேனாவிடம் பேசி இருபது நாள் ஆகிறது. நான் கூப்பிடலாமா? கூப்பிட்டால் கடைக்காகக் கூப்பிடுகிறேன் என்று நினைப்பாளா?

கூப்பிடவில்லை.

ஜனவரி 19, சனி

நெவேனாவே கூப்பிட்டாள். குளிர்கோட்டு வாங்க வேண்டும், நிறம் சொல்ல ஆள் வேண்டும், வா என்றாள். கேராவிடம் கடையை விட்டுவிட்டுப் புர்காஸ் போனேன். ஐந்து கடை ஏறி இறங்கினோம். நான் பழுப்பு என்றேன், அவள் சிவப்பு எடுத்தாள். ஐம்பதை எட்டப்போகிறவளுக்கு எதற்கடி சிவப்பு என்றேன். கடைக்காரப் பெண்ணிடம், "எங்க அக்கா, பொறந்ததுலேருந்து பழுப்புதான்" என்றாள்.

கால் வலித்ததும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பலகாரக் கடையில் உட்கார்ந்தோம். ஜன்னலெல்லாம் ஆவி. நெவேனா கோட்டைக் கழற்றவே இல்லை. மெகிட்சா வந்தது. அவள் ஒன்றைப் பிய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என் பக்கம் சாய்ந்தாள்.

"பாருக்கா, உள்ள மாவு வேகவே இல்ல. நம்ம கடையில இப்படிக் குடுப்போமா?"

குடுக்க மாட்டோம் என்றேன். இன்னும் ஒன்று எடுத்துத் தின்றோம். கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.